தவறான தண்டனையும் இழப்பீட்டு உரிமையும்: இந்தியச் சட்டத்தில் உள்ள இடைவெளி

ஆய்வுச் சுருக்கம்

குற்றம் புரியாத ஒருவர் நீதிமன்றத் தீர்ப்பால் சிறைப்பட்டுப் பின்னர் விடுதலை பெறும்போது, அவர் இழந்த காலத்திற்கு அரசு ஈடு செய்ய வேண்டுமா என்பது குற்றவியல் நீதிமுறையின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். இவ்வினாவிற்கு விடை கூறும் தனிச்சட்டம் இந்தியாவில் இல்லை. உச்ச நீதிமன்றம் வளர்த்தெடுத்த நீதிப்பேராணை வழி இழப்பீடும் உரிமையாக அல்லாமல் நீதிமன்றத்தின் விருப்புரிமையாகவே நிற்கிறது. இக்கட்டுரை இன்றுள்ள சட்ட வழிகளையும் அவற்றின் எல்லைகளையும் விளக்குகிறது. சப்பான், செருமனி, இங்கிலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளின் சட்டங்களோடு ஒப்பிடுகிறது. இந்தியச் சட்ட ஆணையத்தின் 277ஆம் அறிக்கையை மதிப்பிடுகிறது. இழப்பீட்டு உரிமையை அதிகாரிகளின் தீயநோக்கத்தோடு பிணைப்பது பொருந்தாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: தவறான தண்டனை, இழப்பீடு, ஐயத்தின் பயன், நீதிப்பேராணை, சட்ட ஆணையம், மறுவாழ்வு

முன்னுரை

தவறான தீர்ப்பு என்பது தமிழ் இலக்கிய மரபுக்குப் புதிய பொருள் அன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் உசாவல் இன்றிக் கொல்லப்படுகிறான். பொற்கொல்லனின் கூற்று ஒன்றே சான்றாகக் கொள்ளப்படுகிறது. கண்ணகி சிலம்பை உடைத்து உண்மையை நிறுவிய பின் பாண்டியன் உயிர் துறக்கிறான். அந்நூலின் உரைபெறு கட்டுரை மேலும் ஒரு செய்தியைத் தருகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்குப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான் என்பதே அது. தவறான தண்டனைக்குப் பரிகாரம் தேடும் அரசு, குற்றமற்றோர் பலரை மீண்டும் ஒருமுறை தண்டிக்கிறது. பிழையை ஒப்புக்கொள்வது எளிது, அதற்கு முறையான ஈடு காண்பது கடினம் என்பதை இக்குறிப்பு உணர்த்துகிறது.

இக்காலக் குடியாட்சி அரசுகள் பழிக்குப் பழி என்பதற்கு மாற்றாக இழப்பீடு என்னும் முறையைக் கைக்கொண்டுள்ளன. யாருக்கு, எந்த நிலையில், எவ்வளவு என்னும் மூன்று வினாக்களுக்கும் அது விடை கூற வேண்டும். இந்தியச் சட்டம் இவற்றை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. தவறான தண்டனை: பொருள் வரையறை

‘விடுதலை’ என்னும் சொல் வேறுபட்ட நிலைகள் பலவற்றைக் குறிக்கிறது. ஆய்வுத் தெளிவிற்காக அவற்றை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, குற்றம் புரியவில்லை என்பது நேர்முகமாக நிறுவப்படும் நிலை. மரபணுச் சோதனை வேறொருவரைச் சுட்டுவதும், உண்மைக் குற்றவாளி பிடிபடுவதும் இவ்வகையின. இரண்டாவது, புலனாய்வில் பொய்ச்சான்று புனையப்பட்டதோ சான்று மறைக்கப்பட்டதோ வெளிப்பட்டு, தண்டனை நீக்கப்படும் நிலை. மூன்றாவது, அரசுத் தரப்பு ஐயத்திற்கு இடமின்றிக் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை என மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதி, ஐயத்தின் பயனைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அளிக்கும் நிலை.

இந்தியாவில் மேல்முறையீட்டில் கிடைக்கும் விடுதலைகள் பெரும்பாலும் மூன்றாம் வகையின் மொழியிலேயே எழுதப்படுகின்றன. முதலிரண்டு வகைகளுக்கு உரிய உண்மைகள் வழக்கில் இருந்தாலும், நீதிமன்றத்தின் பணி குற்றம் மெய்ப்பிக்கப்பட்டதா என்று காண்பதேயாகும். ஒருவர் நிரபராதி எனச் சான்றளிப்பது அதன் பணி அன்று. ஆகவே ‘நிரபராதி என நிறுவியோருக்கு மட்டும் இழப்பீடு’ என்னும் விதி, நிரபராதிகள் பலரையும் வெளியே நிறுத்திவிடும்.

2. இன்றுள்ள சட்ட வழிகள்

தவறாகத் தண்டிக்கப்பட்ட ஒருவர் இழப்பீடு கோர இந்தியாவில் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழி. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் 358ஆம் பிரிவு, போதிய காரணமின்றி ஒருவரைக் கைது செய்யக் காரணமானவர் 1,000 ரூபாய்க்கு மேற்படாத தொகையை இழப்பீடாக வழங்கப் பணிக்க நடுவருக்கு அதிகாரம் அளித்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 399ஆம் பிரிவு அதே வரம்பைத் தொடர்கிறது. இத்தொகையைச் செலுத்த வேண்டியவர் கைதுக்குக் காரணமான தனிநபரே, அரசு அன்று. தண்டனைக்குப் பின் விடுதலை பெற்றவர் குறித்து இப்பிரிவு எதுவும் கூறவில்லை. நூற்றைம்பது ஆண்டுப் பழமையான குற்றவியல் சட்டத் தொகுதி முழுவதும் மாற்றி எழுதப்பட்ட வேளையிலும் இவ்விடைவெளி நிரப்பப்படவில்லை.

இரண்டாவது, தீயநோக்குடன் வழக்குத் தொடுத்தமைக்காக உரிமையியல் நீதிமன்றத்தில் தொடுக்கும் இழப்பீட்டு வழக்கு. இதில் வழக்கு தமக்குச் சாதகமாக முடிந்தது என்பதை மட்டுமன்றி, நியாயமான காரணமின்றியும் தீயநோக்குடனும் அது தொடுக்கப்பட்டது என்பதையும் வாதியே மெய்ப்பிக்க வேண்டும். 1963ஆம் ஆண்டுக் காலவரைச் சட்டத்தின்படி, விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் இவ்வழக்கைத் தொடுத்தாக வேண்டும். பல்லாண்டுகள் சிறையிலிருந்து, நிலத்தையும் தொழிலையும் இழந்து வெளிவரும் ஒருவர், ஓராண்டுக்குள் நீதிமன்றக் கட்டணமும் வழக்கறிஞர் ஊதியமும் திரட்டி, காவல் துறையினரின் மனநோக்கத்தை மெய்ப்பிப்பது அரிதினும் அரிது. அரசின் இறைமை சார்ந்த பணிகளுக்கு இழப்பீட்டுப் பொறுப்பு இல்லை என்னும் 1965ஆம் ஆண்டுக் கஸ்தூரிலால் வழக்குத் தீர்ப்பும் இவ்வழியில் தடையாக நின்றது.

மூன்றாவது, அரசமைப்புச் சட்டத்தின் 32, 226 ஆகிய உறுப்புகளின் கீழான நீதிப்பேராணை வழி. இதுவே நடைமுறையில் பயன் தந்துள்ளது.

3. நீதிப்பேராணை வழியின் வளர்ச்சியும் எல்லையும்

இவ்வழியைத் திறந்தது 1983ஆம் ஆண்டு ருதுல் ஷா வழக்கு. பீகாரின் முசாபர்பூர் அமர்வு நீதிமன்றம் 1968 சூன் 3 அன்று அவரை விடுதலை செய்தது. ஆயினும் சிறையிலிருந்து அவர் வெளிவந்தது 1982 அக்டோபர் 16 அன்றுதான். தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, விடுதலைக்கு மட்டும் ஆணையிட்டு அமைவது அடிப்படை உரிமையை வெறுஞ்சொல்லாக்கிவிடும் எனக் கருதியது. ஏற்கெனவே அளிக்கப்பட்ட 5,000 ரூபாயுடன் மேலும் 30,000 ரூபாய் வழங்க ஆணையிட்டது. இது இடைக்காலத் தன்மையுடைய தொகை என்பதும், முழு இழப்பிற்காகத் தனி வழக்குத் தொடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது என்பதும் கருதத்தக்கவை.

1993ஆம் ஆண்டு நீலபதி பெஹேரா வழக்கு இக்கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. காவலில் மகனை இழந்த தாய்க்கு 1,50,000 ரூபாய் வழங்கப் பணித்த உச்ச நீதிமன்றம், அடிப்படை உரிமை மீறலுக்கான பொதுச்சட்டத் தீர்வழியில் அரசின் இறைமை விலக்கு பொருந்தாது என்று தெளிவாக்கியது.

இவ்விரு வழக்குகளும் தவறான தண்டனை பற்றியவை அல்ல. முன்னது, நீதிமன்ற ஆணையை மீறிய சட்டவிரோதக் காவல். பின்னது, காவல் மரணம். இரண்டிலும் தவறிழைத்தது நிருவாகத் துறை. தவறான தண்டனையிலோ ஒருவரைச் சிறைக்கு அனுப்பியது நீதிமன்றத் தீர்ப்பாகும். நீதிமன்றத்தின் நீதிசார் ஆணை அடிப்படை உரிமையை மீறியதாகாது என்பது 1966ஆம் ஆண்டு மிராஜ்கர் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு காட்டிய நிலைப்பாடு. தீர்ப்பு நீக்கப்படும் வரை அதன் கீழான சிறைவாசம் ‘சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை’ சார்ந்ததாகவே கொள்ளப்படும். எனவே, ருதுல் ஷா கோட்பாட்டைத் தவறான தண்டனைக்கு நீட்டுவதில் உண்மையான கோட்பாட்டுச் சிக்கல் உள்ளது. நீதிபதிகளின் மனநிலை வேறுபாட்டை மட்டும் காரணமாகக் காட்டி அதனைக் கடந்துவிட இயலாது.

அக்சர்தாம் வழக்கு இச்சிக்கலை வெளிப்படுத்தியது. மரண தண்டனை பெற்ற மூவர் உட்பட அறுவரையும் உச்ச நீதிமன்றம் 2014 மே 16 அன்று விடுவித்தது. புலனாய்வைக் கடுமையாகச் சாடியது. விடுவிக்கப்பட்டோர் பின்னர் இழப்பீடு கோரியபோது, 2016இல் அதே நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்கவில்லை. விடுதலை பெறும் ஒவ்வொருவரும் இழப்பீடு கோரும் முன்னுதாரணமாக அது அமைந்துவிடும் என்பதே நீதிமன்றத்தின் கவலை.

4. அளவுகோல் இன்மை

மகாராட்டிர மாநிலம் நாசிக் பகுதியில் 2003இல் நிகழ்ந்த கொலை வழக்கொன்றில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அறுவருக்கு 2009இல் உச்ச நீதிமன்றமே மரண தண்டனையை உறுதி செய்தது. உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்த மூவருக்கும் அது மரண தண்டனை விதித்தது. அதே நீதிமன்றம் தன் முந்தைய தீர்ப்பைத் திரும்பப் பெற்று, 2019 மார்ச் 5 அன்று அறுவரையும் நிரபராதிகள் என விடுவித்தது. ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் ரூபாய் வழங்க மாநில அரசுக்கு ஆணையிட்டது. அவர்கள் சிறையில் கழித்தது ஏறத்தாழ 16 ஆண்டுகள். தொகையை நாட்கணக்கில் பகுத்தால் நாளொன்றுக்குச் சுமார் 86 ரூபாய் ஆகிறது.

இதனோடு நம்பி நாராயணன் வழக்கை ஒப்பிடலாம். நாகர்கோவிலைச் சேர்ந்த இவ்விண்வெளி அறிவியலாளர் 1994 நவம்பர் 30 அன்று கேரளக் காவல் துறையால் கைது செய்யப்பட்டு 50 நாட்கள் காவலில் இருந்தார். குற்றச்சாட்டு அடிப்படையற்றது என மத்தியப் புலனாய்வுத் துறை 1996இல் அறிக்கை அளித்தது. 2018 செப்டம்பர் 14 அன்று உச்ச நீதிமன்றம் அவருக்கு 50 இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. இவர் தண்டனை பெற்றவர் அல்லர். தவறான வழக்குத் தொடுப்பிற்கு ஆளானவர்.

அவருக்கு வழங்கப்பட்டது மிகை என்பது இவ்வொப்பீட்டின் பொருள் அன்று. தேசத் துரோகப் பழி சுமந்த கால் நூற்றாண்டும் முறிந்த அறிவியல் பணிவாழ்வும் அத்தொகைக்குள் அடங்கா. 16 ஆண்டுச் சிறைக்கும் மரண தண்டனையின் நிழலுக்கும் 5 இலட்சம் எவ்வாறு கணக்கிடப்பட்டது என்பதற்குத் தீர்ப்பில் வாய்பாடு இல்லை என்பதே இங்குக் குறிக்கத்தக்கது. வாய்பாடு இல்லாத இடத்தில் பெயரறியாத ஏழையின் இழப்பு குறைவாக மதிப்பிடப்படும் வாய்ப்பு மிகுதி.

5. பன்னாட்டு உடன்படிக்கையும் இந்தியாவின் நிலைப்பாடும்

குடிமை மற்றும் அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1979இல் இணைந்தது. அதன் 9(5) உறுப்பு, சட்டவிரோதக் கைதுக்கு ஆளானோரின் இழப்பீட்டு உரிமையைக் கூறுகிறது. இந்தியச் சட்ட முறைமையில் அத்தகைய உரிமை இல்லை எனக் கூறி இந்தியா இவ்வுறுப்பின்மீது விலக்கறிக்கை செய்தது. நான்கே ஆண்டுகளில் ருதுல் ஷா தீர்ப்பு அந்நிலைப்பாட்டின் அடிப்படையைத் தளர்த்திவிட்டது.

14(6) உறுப்பு தவறான தண்டனையை நேரடியாகக் குறிக்கிறது. இறுதித் தீர்ப்பால் தண்டிக்கப்பட்ட ஒருவரின் தண்டனை, புதிய உண்மை நீதிப்பிழையை உறுதியாகக் காட்டியதால் நீக்கப்படுமாயின், சட்டப்படி இழப்பீடு வழங்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். இதனை நிறைவேற்றும் சட்டம் இந்தியாவில் இயற்றப்படவில்லை.

இவ்வுறுப்பைச் சட்டமாக்கினால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடுமா என்பதும் ஆராயத்தக்கது. ‘இறுதித் தீர்ப்பு’, ‘புதிய உண்மை’ என்னும் இரு நிபந்தனைகளும் வழக்கமான மேல்முறையீட்டில் விடுதலை பெறுவோரை உள்ளடக்குவதில்லை. அக்சர்தாம் வழக்கில் விடுதலையானோர் வழக்கமான மேல்முறையீட்டின் வழியே, முன்பே இருந்த சான்றுகளின் மறுமதிப்பீட்டால் விடுதலை பெற்றவர்கள். மேல்முறையீடு முடியவே பத்தாண்டுகள் கடந்துவிடும் நாட்டில், 14(6) உறுப்பின் சொற்களை அப்படியே பெயர்த்துச் சட்டமாக்குவது மிகச் சிலருக்கே பயன் தரும்.

6. பிற நாடுகளின் சட்ட மாதிரிகள்

பிற நாடுகளின் சட்டங்களை மூன்று மாதிரிகளாகக் காணலாம்.

*விடுதலையே அடிப்படையாகும் மாதிரி.* சப்பானிய அரசமைப்பின் 40ஆம் உறுப்பு, காவலில் வைக்கப்பட்டுப் பின் விடுதலையானவர் அரசிடம் ஈடு கோரலாம் எனக் கூறுகிறது. 1950ஆம் ஆண்டுக் குற்றவியல் இழப்பீட்டுச் சட்டம் இதனைச் செயற்படுத்துகிறது. நாளொன்றுக்கு உயர்ந்த அளவு 12,500 யென். 1966இல் கைதாகி, மரண தண்டனைக் கைதியாகப் பல பத்தாண்டுகள் சிறையிலிருந்த இவாவோ ஹகமடா 2024 செப்டம்பர் 26 அன்று மறுவிசாரணையில் விடுதலையானார். 2025இல் அவருக்கு உயர்ந்த அளவில் 21 கோடியே 73 இலட்சத்து 62 ஆயிரத்து 500 யென் வழங்க ஆணையிடப்பட்டது. செருமனியின் 1971ஆம் ஆண்டுச் சட்டம், பொருளிழப்பிற்கான ஈட்டோடு, உளத்துன்பத்திற்காக நாளொன்றுக்கு 75 யூரோ வழங்குகிறது. 2020 வரை இது 25 யூரோவாக இருந்தது. தம் செயலாலேயே சிறைவாசத்தை வேண்டுமென்றோ பெருங்கவனக்குறைவாலோ வருவித்துக் கொண்டவருக்கு அச்சட்டம் இழப்பீட்டை மறுக்கிறது.

*நிரபராதித் தன்மையை மெய்ப்பிக்கக் கோரும் மாதிரி.* இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 133ஆம் பிரிவு 14(6) உறுப்பைத் தழுவியது. 2014ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், விண்ணப்பதாரர் குற்றத்தைச் செய்யவில்லை என்பதைப் புதிய உண்மை ஐயத்திற்கிடமின்றிக் காட்ட வேண்டும். இது குற்றவியல் வழக்கின் மெய்ப்புச் சுமையைத் தலைகீழாக்குகிறது. இழப்பீட்டுத் தொகையிலிருந்து சிறையில் உண்டு உறங்கிய செலவைக் கழிக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. செய்யாத குற்றத்திற்கு 17 ஆண்டுகள் சிறையிலிருந்து, 2023 சூலையில் தண்டனை நீக்கப்பட்ட ஆண்ட்ரூ மால்கின்சன் வழக்கு எழுப்பிய கண்டனத்தால், அவ்வாண்டு ஆகத்தில் அது கைவிடப்பட்டது.

*ஆண்டுக்கு நிலைத்த தொகை வழங்கும் மாதிரி.* அமெரிக்கக் கூட்டரசின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் சிறைவாசத்தின் ஓராண்டுக்கு 50,000 டாலர் வரையும், மரண தண்டனைக் கைதியாக இருந்த ஓராண்டுக்கு 1,00,000 டாலர் வரையும் வழங்க இடமளிக்கிறது. டெக்சாசு மாநிலத்தின் 2009ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுக்கு 80,000 டாலர் வழங்குகிறது. அச்சட்டம் திமொதி கோலின் பெயரைத் தாங்கியுள்ளது. 1999இல் சிறையிலேயே இறந்த அவர், மரபணுச் சோதனைக்குப் பின் 2009இல் நிரபராதி என அறிவிக்கப்பட்டார். இறந்தவரின் வாரிசுகளும் இழப்பீட்டுக்கு உரியர் என்னும் கொள்கைக்கு அவர் வாழ்வே காரணமாயிற்று.

7. சட்ட ஆணையத்தின் 277ஆம் அறிக்கை

தில்லி உயர் நீதிமன்றம் 2017 நவம்பர் 30 அன்று பிறப்பித்த ஆணையொன்றில், தவறாகச் சிறைப்பட்டோருக்குச் சட்டவழித் தீர்வு இல்லாமையைச் சுட்டி, இப்பொருளை ஆராயுமாறு சட்ட ஆணையத்தைக் கேட்டுக்கொண்டது. நீதிபதி பி.எஸ். சௌகான் தலைமையிலான ஆணையம் 2018 ஆகத்து 30 அன்று 277ஆம் அறிக்கையை அளித்தது. மாவட்டந்தோறும் சிறப்பு நீதிமன்றம், அரசே இழப்பீடு வழங்கிப் பின் தவறிழைத்த அலுவலரிடம் ஈடு பெறுதல், உளவள ஆலோசனை, தொழிற்பயிற்சி, வழக்கால் நேர்ந்த தகுதியிழப்பை நீக்குதல் ஆகியவை அதன் பரிந்துரைகள். குற்றவியல் நடைமுறைச் சட்டத் திருத்த முன்வரைவும் அதில் இணைக்கப்பட்டது.

ஆயினும் ஆணையம் தேர்ந்தெடுத்த அளவுகோல் ‘தவறான வழக்குத் தொடுப்பு’ என்பதாகும். தீயநோக்குடனோ நன்னம்பிக்கையின்றியோ வழக்குத் தொடுக்கப்பட்டிருந்தால் மட்டுமே இழப்பீடு உண்டு. அரசு அலுவலரின் முறைகேட்டைத் தடுப்பதற்கு இது உதவும். ஆனால், தவறான தண்டனைகள் அனைத்தும் முறைகேட்டால் விளைபவை அல்ல. நேர்மையான சாட்சி ஒருவர் ஆளை மாற்றி அடையாளம் காட்டலாம். தடயவியல் முடிவு பிழைபடலாம். திறமையற்ற இலவச சட்ட உதவியால் தற்காப்பு குன்றலாம். இவற்றில் யாருடைய தீயநோக்கமும் இல்லை; சிறைப்பட்டவரின் இழப்பு மட்டும் மாறுவதில்லை.

தேனி மாவட்டச் சுருளி அருவிப் பகுதியில் 2011இல் நிகழ்ந்த இரட்டைக் கொலை வழக்கு இதற்குத் தமிழ்நாட்டுச் சான்று. மரண தண்டனை பெற்று, சென்னை உயர் நீதிமன்ற மதுரை அமர்வால் அது உறுதி செய்யப்பட்ட ஒருவரை உச்ச நீதிமன்றம் 2025 சூலை 15 அன்று விடுவித்தது. மரபணு மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குறைகளைச் சுட்டி, நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வகுத்தது. நீண்ட சிறைவாசத்திற்குப் பின் விடுதலையாவோருக்குப் பிற நாடுகளில் இழப்பீடு உள்ளதைக் குறிப்பிட்டு, இந்தியாவில் அது சட்டமன்றத்தின் ஆய்வுக்குரியது எனக் கூறி அமைந்தது. மாதிரிகளைக் கையாள்வதில் நேரும் கவனக்குறைவைத் தீயநோக்கம் என மெய்ப்பிப்பது எளிதன்று. 277ஆம் அறிக்கையின் அளவுகோல் இத்தகையோரைக் கைவிடக்கூடும்.

8. எதிர்வாதங்களும் பணத்திற்கு அப்பாற்பட்ட ஈடும்

விடுதலையையே அடிப்படையாகக் கொண்டால், ஐயத்தின் பயனால் தப்பிய குற்றவாளிக்கும் அரசுப் பணம் செல்லும் என்பது முதன்மையான எதிர்வாதம். இதனைப் புறக்கணிக்க இயலாது. எனினும், மெய்ப்பிக்கப்படாத குற்றத்தை விடுதலைக்குப் பின்னும் ஒருவர்மீது சுமத்துவது நிரபராதி என்னும் சட்ட ஊகத்தோடு முரண்படும். செருமானியச் சட்டம் போலத் தம் செயலால் தண்டனையை வருவித்துக் கொண்டோரை விலக்குவது ஒரு நடுவழி. நிதிச்சுமை என்பது மற்றோர் எதிர்வாதம். நாட்கணக்கில் நிலைத்த தொகை வகுக்கப்பட்டால் சுமை முன்கூட்டியே கணிக்கத்தக்கதாகும். விடுதலை அளிக்கும் நீதிமன்றமே தொகையையும் எடைபோட வேண்டிய நெருக்கடியும் நீங்கும்.

பணம் மட்டும் ஈடாகாது. விடுதலையானவரின் பெயர் இணையத்தில் உள்ள தீர்ப்புகளில் நிலைத்துவிடுகிறது. அப்பெயரை நீக்கக் கோரிய வழக்கொன்றைச் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 2021இல் ஏற்கவில்லை; 2024இல் இரு நீதிபதிகள் அமர்வு வேறொரு முடிவுக்கு வந்தது; அதனை உச்ச நீதிமன்றம் இடைக்காலமாக நிறுத்தியது. வீடு, மருத்துவம், கல்வி, காவல் துறைச் சரிபார்ப்பில் வழக்கு தடையாகாமை ஆகியவையும் ஈட்டின் பகுதிகளாகக் கருதப்பட வேண்டும். தண்டனைக் காலம் முடிந்து வெளிவருவோருக்கு மறுவாழ்வுத் திட்டங்கள் உள்ளன. குற்றமற்றவர் என வெளிவருபவருக்கு அவை கூட இல்லாமல் போவது நீதியாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

இந்தியாவில் தவறான தண்டனைக்கு இழப்பீடு என்பது உரிமையாக இன்னும் வடிவம் பெறவில்லை. நீதிப்பேராணை வழி, நிருவாகத் தவறுகளுக்காகத் தோன்றியது. நீதிமன்றத் தீர்ப்பால் நேர்ந்த சிறைவாசத்திற்கு அது முழுமையாகப் பொருந்தவில்லை. ஒரே நீதிமன்றம் 2016இல் மறுத்ததையும் 2019இல் வழங்கியதையும் விருப்புரிமை என்பதாலேயே விளக்க முடிகிறது.

277ஆம் அறிக்கை தேவையான தொடக்கம். ஆனால் அது அலுவலரின் தவற்றை அளக்கிறதே அன்றிச் சிறைப்பட்டவரின் இழப்பை அளக்கவில்லை. இவ்விரண்டையும் பிரித்துக் காணும் ஈரடுக்கு அமைப்பே பொருத்தமானது. தண்டனைக்குப் பின் இறுதியாக விடுதலை பெற்ற எவருக்கும், தாமே வருவித்துக் கொண்ட நிலை நீங்கலாக, சிறைநாட்களின் அடிப்படையில் நிலைத்த தொகை வழங்குவது முதல் அடுக்கு. பொய்ச்சான்றோ தீயநோக்கமோ நிறுவப்படும்போது கூடுதல் இழப்பீடும் அலுவலரின் தனிப்பொறுப்பும் இரண்டாம் அடுக்கு. வழக்கின் இடையில் இறந்தோரின் வாரிசுகளுக்கும் இவ்வுரிமை நீள வேண்டும்.

சமூகத்தின் பாதுகாப்பிற்காகவே குற்றவியல் நீதிமுறை இயங்குகிறது. அதில் பிழை நேர்வதை முற்றிலும் தவிர்க்க இயலாது. அனைவருக்கும் பயன் தரும் முறையில் நேர்ந்த பிழையின் சுமையை ஒருவரே தாங்க நேர்வதைத் தடுப்பதுதான் இழப்பீட்டுச் சட்டத்தின் பணியாகும்.